அச்சுக்கு நைட்ரைடிங்: எப்போது, எவ்வளவு, எங்கே

சென்ற இதழில் ஹாட் வொர்க் எஃகின் (சூட்டில் உழைக்கும் அச்சு எஃகின்) ஹார்டனிங், டெம்பரிங் (சூடாக்கிக் கடினமாக்குதல், பிறகு மிதமாகச் சூடாக்கி நொறுங்கும் தன்மையைக் குறைத்தல்) பற்றி எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதற்கு அடுத்த படியான, எஃகின் மேல்தோலில் நைட்ரஜனை ஏற்றிக் கடினமாக்கும் நைட்ரைடிங்கைப் பற்றியே கேட்கின்றன. உருகிய அலுமினியத்தை அழுத்தத்தில் எஃகு அச்சுக்குள் செலுத்தி வார்க்கும் பிரஷர் டைகாஸ்டிங் அச்சுகளோடு நேரடியாகத் தொடர்புள்ள கடிதங்களை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் இருசக்கர வாகன எஞ்சின் கவர் வார்க்கிறோம். அச்சின் கேவிட்டி இன்சர்ட் (வார்ப்புக்கு வடிவம் தரும் செருகுத் துண்டு) எச் 13 ரக ஹாட் வொர்க் எஃகு, கடினம் 46 எச்.ஆர்.சி. (ராக்வெல் சி அளவு). அதிக ஆயுள் கிடைக்கும் என்று எண்ணி இந்த முறை 0.3 மி.மீ. ஆழத்துக்கு நைட்ரைடிங் கேட்டு வாங்கினோம். 6,000 ஷாட்டிலேயே (ஒருமுறை வார்ப்பது ஒரு ஷாட்) உலோகம் நுழையும் வாயான கேட் அருகில் நூலிழை போன்ற விரிசல்கள் வலைபோலப் பரவி, சில இடங்களில் மேற்பரப்பு செதிலாக உதிர்கிறது. நைட்ரைடிங்கே இல்லாத பழைய இன்சர்ட் 40,000 ஷாட் தாண்டித்தான் இப்படி ஆனது. கேட் பகுதி ஸ்பார்க் முறையில் (மின்பொறியால் எஃகை அரித்து) முடிக்கப்பட்டு அப்படியே அனுப்பப்பட்டது. தவறு எஃகிலா, நைட்ரைடிங்கிலா? (ஓசூர் வாசகர்)

பதில்: எஃகைச் சந்தேகிப்பதற்கு முன், உங்கள் கடிதத்திலேயே இருக்கும் இரண்டு விவரங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, 0.3 மி.மீ. என்ற ஆழம். மற்றொன்று, ஸ்பார்க் செய்த பரப்பைத் தேய்க்காமல் அனுப்பியது. இந்த இரண்டில் ஒன்றே ஓர் அச்சைக் கெடுக்கப் போதுமானது. உங்கள் இன்சர்ட்டில் இரண்டும் சேர்ந்துவிட்டன.

விரிசல் எப்படிப் பிறக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். ஏறக்குறைய 650 டிகிரி செல்சியஸில் உருகிய அலுமினியம் கேட் வழியாக நொடிக்கு 30 முதல் 50 மீட்டர் வேகத்தில் பாயும்போது, இன்சர்ட்டின் மேல்தோல் கண்ணிமைக்கும் நேரத்தில் சூடேறுகிறது. ஆனால் ஓரிரு மில்லிமீட்டர் உள்ளே இருக்கும் எஃகு இன்னும் பழைய வெப்பநிலையிலேயே இருக்கிறது. 100 மி.மீ. நீளமுள்ள எச் 13 துண்டு 300 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.37 மி.மீ. நீள வேண்டும். மேல்தோல் நீள விரும்புகிறது, அடியில் உள்ள குளிர்ந்த எஃகு விடுவதில்லை. அதனால் தோல் அழுந்தி, தன் தாங்குதிறனைக் கடந்து சற்றே நிரந்தரமாகக் குறுகிவிடுகிறது. அடுத்த சில நொடிகளில் அச்சு திறந்து, குளிர்விக்கும் மசகு ஸ்பிரே விழும்போது, அதே தோல் சட்டென்று சுருங்க முயன்று இழுவிசைக்கு உள்ளாகிறது. ஒவ்வொரு ஷாட்டிலும் இந்த அழுத்தமும் இழுவையும் மாறிமாறி வருவதால் ஏற்படும் களைப்பைத்தான் நம் தொழிற்கூடங்களில் ஹீட் செக் என்கிறோம். எந்த அச்சும் இதிலிருந்து முழுமையாகத் தப்புவதில்லை. அது எத்தனை ஷாட் தள்ளிப்போகிறது என்பதுதான் நம் கையில் உள்ளது.

நைட்ரைடிங் இங்கே எப்படி உதவுகிறது? 480 முதல் 580 டிகிரிக்குள் அம்மோனியாவிலிருந்தோ, நைட்ரஜன் பிளாஸ்மாவிலிருந்தோ, உப்புக் குளியலிலிருந்தோ பிரியும் நைட்ரஜன் அணுக்கள் எஃகினுள் ஊடுருவுகின்றன. எச் 13 எஃகில் சுமார் 5 சதவீதம் குரோமியமும், அத்துடன் மாலிப்டினமும் வனேடியமும் உள்ளன. உள்ளே போகும் நைட்ரஜன் இவற்றோடு, முக்கியமாகக் குரோமியத்தோடு சேர்ந்து மிக நுண்ணிய நைட்ரைடு துகள்களாகப் படிகிறது. இந்தத் துகள்கள் எஃகின் அணு அடுக்கை உள்ளிருந்து நெருக்குவதால் கடினத்தன்மை 1,000 எச்.வி. (விக்கர்ஸ் கடின அளவு) அளவுக்கு உயர்கிறது, கூடவே தோல் முழுவதும் ஓர் அமுக்க விசை நிலையாகத் தங்கிவிடுகிறது. ஸ்பிரே விழும்போது வரும் இழுவிசை முதலில் இந்த அமுக்கத்தைத் தீர்த்துவிட்டுத்தான் எஃகைப் பிளக்க முடியும். நைட்ரைடிங்கால் வரும் ஆயுள் இதுதான்.

1913-இல் அமெரிக்காவில் அடால்ஃப் மாச்லெட் அம்மோனியா முறைக்குக் காப்புரிமை பெற்றார்; 1920-களில் ஜெர்மனியின் எசென் நகரில் க்ரூப் ஆலையில் அடால்ஃப் ஃப்ரை அதைத் தனியே ஆராய்ந்து காட்டிய பாடம் இது: கலப்புத் தனிமங்கள் இல்லாத சாதாரண எஃகில் நைட்ரஜன் ஏறினாலும் பெரிய கடினம் வராது, நொறுங்கும் தன்மையே வரும். அவசரத்துக்கு மைல்ட் ஸ்டீலில் அச்சுப் பின் (ஊசி) கடைந்து, அதையும் அதே உலையில் அனுப்பும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இனி உங்கள் 0.3 மி.மீ. ஆழத்துக்கு வருவோம். இரும்பு நைட்ரஜனால் நிறைந்து போகும்போது, பரப்பின் மேலேயே இரும்பு நைட்ரைடால் ஆன ஒரு தனி அடுக்கு உருவாகிறது. வெட்டிய துண்டைப் பாலிஷ் செய்து நைட்டால் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) கரைசலில் நனைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், கீழே உள்ள ஊடுருவல் அடுக்கு கருத்துத் தெரியும். மேலே இந்த அடுக்கு மட்டும் அமிலத்துக்கு மசியாமல், காய்ச்சிய பாலின் மேல் படரும் ஆடைபோல வெண்மையாக நிற்கும். அதனால்தான் அதை வெள்ளை அடுக்கு என்கிறோம். கடினமானது, ஆனால் நொறுங்கக்கூடியது. நீண்ட நேரம் உலையில் வைத்து ஆழம் தேடினால், சரியான கட்டுப்பாடு இல்லாத உலையில் இந்த ஆடையும் தடித்துக்கொண்டே போகும். வெள்ளை அடுக்கில் ஏற்படும் சிறு பிளவு, அடியில் உள்ள விறைப்பான நைட்ரைடு தோலின் முழு ஆழத்துக்கும் எளிதாக ஓடிவிடும். அதாவது ஆழமாகக் கேட்டதன் மூலம், பிறக்கும்போதே 0.3 மி.மீ. ஆழமுள்ள விரிசலை நீங்கள் கேட்டு வாங்கியிருக்கிறீர்கள்.

ஸ்பார்க் செய்த பரப்பு இதைவிட மோசமானது. ஸ்பார்க்கின்போது எஃகு உருகி, எண்ணெயிலிருந்து கரிமத்தை உறிஞ்சி, நொடிப்பொழுதில் உறைகிறது. அந்த மறுஉறைந்த அடுக்கும், அதன் கீழே டெம்பர் ஆகாமல் மீண்டும் கடினமேறிய அடுக்கும் பல நேரம் விரிசலோடுதான் பிறக்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு டூல்ரூமில் பொறுப்பில் இருந்தபோது இதே தவறை நானும் செய்தேன். டெலிவரி நெருக்கடியில், ஸ்பார்க் முடிந்த ஸ்லைடு இன்சர்ட்டைக் கல் போட்டுத் தேய்க்காமல் உலைக்கு அனுப்பிவிட்டோம். உதிர்ந்த பிறகு அதை வெட்டிப் பார்த்தபோது, மேலே வெள்ளை அடுக்கு, அதன் கீழே ஸ்பார்க் விட்ட குமிழ்க் குழிகள், ஒவ்வொரு குழியின் அடியிலிருந்தும் செங்குத்தாக இறங்கும் ஒரு கருங்கோடு என்று வரிசையாகத் தெரிந்தது. நைட்ரைடிங் செய்தவர் மீது ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து, ஸ்பார்க் தடம் ஒரு விரல் அகலம் மிச்சம் இருந்தாலும் நான் இன்சர்ட்டை அனுப்பியதில்லை.

இனி செய்ய வேண்டியது இது. கடைசி ஸ்பார்க்கைக் குறைந்த கரண்டில் முடியுங்கள்; பிறகு மறுஉறைந்த அடுக்கு முழுவதும் போகும் வரை கல்லால் தேயுங்கள்; அதன்பின் முந்தைய டெம்பரிங் வெப்பநிலைக்கு 25 டிகிரி கீழே ஒருமுறை சூடாக்கி ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உள்ளே தங்கிய விசைகளை நீக்குதல்) செய்யுங்கள். நைட்ரைடிங்குக்கு முன்பே டிரையல் எடுத்துத் திருத்தங்களை முடித்துவிடுவது நல்லது. கேவிட்டிக்கு ஏறக்குறைய 0.1 மி.மீ. ஆழமே போதும். வெள்ளை அடுக்கு இல்லாமலோ, இருந்தால் சில மைக்ரானுக்கு மிகாமலோ வேண்டும் என்று சலானிலேயே எழுதுங்கள். ‘நைட்ரைடிங் – 1 எண்’ என்று மட்டும் எழுதிய சலானுக்கு, அன்று உலையில் ஓடும் மற்றவர்களின் கியருக்கும் ஷாஃப்டுக்கும் என்ன சைக்கிளோ அதுதான் கிடைக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூலிங் துளைகளின் வாயை அடைத்துவிட்டு அனுப்புங்கள். அம்மோனியா அந்தத் துளைகளுக்குள்ளும் புகுந்து உட்சுவரை நொறுங்கும்படி ஆக்கிவிடும். அச்சு இரண்டாகப் பிளக்கும் பெரிய விரிசல்கள் பல நேரங்களில் தொடங்குவது இந்தத் துளைச் சுவரிலிருந்துதான்.

கேள்வி: ஏடிசி 12 அலுமினியக் கலவையில் பம்ப் பாடி வார்க்கிறோம். 8 மி.மீ. விட்டமுள்ள கோர் பின்களில் (வார்ப்பில் துளை உண்டாக்கும் ஊசிகளில்) அலுமினியம் ஒட்டிப்பிடித்து, ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு முறை மெஷினை நிறுத்தி எமரி போட வேண்டியிருக்கிறது. நைட்ரைடிங் செய்தால் ஒட்டாது என்கிறார்கள். ஆனால் உங்களைப் போன்றவர்கள் வெள்ளை அடுக்கு கூடாது என்கிறீர்கள். எதை நம்புவது? (கோவை வாசகர்)

பதில்: இரண்டையும் நம்பலாம்; இடம்தான் வேறு. உருகிய அலுமினியத்துக்கு இரும்பின் மேல் தீராத பசி உண்டு. எஃகுப் பரப்பில் மசகு அடுக்கு அறுந்த இடத்தில் அது இரும்பைக் கரைத்து, இரும்பும் அலுமினியமும் சேர்ந்த கடினமான சேர்மங்களை உருவாக்கிக்கொண்டு பரப்போடு வேர்பிடிக்கிறது. அதனால்தான் ஒட்டிய அலுமினியத்தைப் பிய்த்தால் அடியில் குழி தெரிகிறது. இரும்பு நைட்ரைடு அடுக்கை அலுமினியம் எளிதில் நனைப்பதில்லை, கரைப்பதும் மெதுவாகத்தான். கேவிட்டிச் சுவரில் நாம் வேண்டாம் என்று சொல்லும் அதே வெள்ளை அடுக்கு, கோர் பின்னில் மெல்லியதாகவும் நுண்துளை இல்லாமலும் இருந்தால் பாதுகாப்பாக நிற்கும். நைட்ரைடிங் முடிந்தபின் உலையிலேயே நீராவியால் மெல்லிய கருப்பு ஆக்சைடு படியச் செய்தால் இன்னும் நல்லது. ஸ்பிரே மசகு அதில் நன்றாகப் பிடித்து நிற்கும். பின் என்பது விலை குறைந்த, மாற்றக்கூடிய உறுப்பு. அது விரிசல் விட்டால் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடலாம். கேவிட்டியில் அந்தத் துணிச்சல் கூடாது.

ஆனால் நைட்ரைடிங்குக்கு அனுப்பும் முன் மூன்று விஷயங்களைச் சரிபாருங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். முதலாவது, உங்கள் கலவையில் இரும்பு எவ்வளவு என்ற ஸ்பெக்ட்ரோ (உலோகக் கலவை ஆய்வு) அறிக்கை. ஏடிசி 12-இல் இரும்பு 1.3 சதவீதம் வரை அனுமதிக்கப்படுவது கவனக்குறைவால் அல்ல. உலோகம் ஏற்கனவே இரும்பால் ஓரளவு நிறைந்திருந்தால் அச்சின் இரும்பைத் தேடாது. 0.8 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய கலவை பின்னைத் தின்னத் தொடங்கும். இரண்டாவது, கேட்டிலிருந்து வரும் பாய்ச்சல் நேராக அந்தப் பின்னின் மேல் மோதுகிறதா என்பது. மோதினால் எந்தப் பூச்சும் நிலைக்காது. கேட்டின் திசையைத்தான் மாற்ற வேண்டும். மூன்றாவது, எமரி போடும் திசை. பின்னைக் கையில் பிடித்துச் சுற்றிச்சுற்றி எமரி போடுவது நம் கடைகளில் பழகிப்போன வழக்கம். அது வார்ப்பு கழன்று வரும் திசைக்குக் குறுக்கே நூறு நுண்பற்களை வெட்டி வைக்கிறது. அலுமினியம் அந்தப் பற்களில்தான் முதலில் பிடிக்கிறது. கடைசித் தேய்ப்பு எப்போதும் பின்னின் நீளவாக்கில் இருக்க வேண்டும்.

8 மி.மீ. பின்னில் நடுவே தண்ணீர்த் துளை போட இடம் குறைவு என்பது உண்மைதான். எனினும் பின்னின் அடிப்பாகம் உட்காரும் இன்சர்ட்டுக்காவது கூலிங் கிடைக்கும்படி செய்தால், ஒட்டும் தொல்லை கண்கூடாகக் குறையும்.

கேள்வி: கேஸ், உப்புக் குளியல், பிளாஸ்மா ஆகிய மூன்றில் டைகாஸ்டிங் அச்சுக்கு எது சிறந்தது? (அம்பத்தூர் வாசகர்)

பதில்: பெரிய கேவிட்டி இன்சர்ட்டுக்குக் கட்டுப்பாடுள்ள கேஸ் அல்லது பிளாஸ்மா, வார்ப்பைத் தள்ளி வெளியேற்றும் எஜெக்டர் பின் போன்ற சிறு உறுப்புகளுக்கு உப்புக் குளியலும் தகும். காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

உப்புக் குளியல் 570 அல்லது 580 டிகிரியில், ஓரிரு மணி நேரத்தில் முடிந்துவிடும். உங்கள் இன்சர்ட் 590 டிகிரியில் டெம்பர் ஆகியிருந்தால், இடைவெளி பத்து இருபது டிகிரிதான். உலையில் சற்று ஏறினாலும் உட்கடினம் இறங்கிவிடும். எந்த முறையானாலும் கடைசி டெம்பரிங்குக்குக் குறைந்தது 25 டிகிரி கீழே நைட்ரைடிங் நடக்க வேண்டும் என்பதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். மேலும் உப்பு முறையில் வெள்ளை அடுக்கைத் தவிர்க்க முடியாது. கழிவு நீரில் சயனைடு சேராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் உண்டு.

கேஸ் முறையில் அம்மோனியா எந்த அளவு நைட்ரஜனாகவும் ஹைட்ரஜனாகவும் பிரிகிறது என்பதே கடிவாளம். முதல் கட்டத்தில் 15 முதல் 30 சதவீதப் பிரிகையில் நைட்ரஜனை ஏற்றி, இரண்டாம் கட்டத்தில் வெப்பத்தைச் சற்று உயர்த்திப் பிரிகையை 75 முதல் 85 சதவீதமாக்கினால், மேலே வெள்ளை அடுக்கு வளர்வது அடங்கி, உள்ளே ஊடுருவல் தொடரும். அமெரிக்க உலோகவியலாளர் கார்ல் ஃப்ளோ வகுத்த இந்த இரண்டு கட்ட முறை இன்றும் பயன்படுகிறது. புதிய உலைகளில் ஹைட்ரஜன் சென்சார் வைத்து நைட்ரைடிங் பொட்டென்ஷியலை (வாயுவின் நைட்ரஜன் ஏற்றும் திறனை) கணினியே நடத்துகிறது. ஆழமான ரிப், குறுகிய துளை என்று எங்கும் வாயு ஒரே மாதிரி நுழையும் என்பது இதன் பெரிய பலம். ஆனால் எச் 13 எஃகின் மேல் இருக்கும் மெல்லிய குரோமியம் ஆக்சைடும், சிலிக்கோன் கலந்த டை ஸ்பிரேயின் மிச்சமும் நைட்ரஜனுக்குத் தடை. கைரேகை பட்ட இடத்தில்கூடத் திட்டுத்திட்டாக மென்மை மிஞ்சும். ஆகவே சுத்தம் செய்வதை உலைக்காரரிடம் விட்டுவிடாதீர்கள்.

பிளாஸ்மா முறையில் வெற்றிடத்தில் அயனிகள் மோதியே அந்த ஆக்சைடைத் துடைத்துவிடும். வெள்ளை அடுக்கே இல்லாமல் நிறுத்துவதும் எளிது. வெப்பநிலையை 500 டிகிரிக்கு அருகிலேயே வைக்கலாம். குறுகிய பள்ளங்களில் மட்டும் ஒளிர்வு குவிந்து அந்த இடம் அதிகமாகச் சூடாகும் அபாயம் உண்டு. நெருக்கமான ரிப்கள் உள்ள ஹீட் சிங்க் அச்சாக இருந்தால் நான் கேஸ் முறையையே தேர்வு செய்வேன்.

கேள்வி: நைட்ரைடிங் முடிந்து வந்த இன்சர்ட்டை எங்கள் ராக்வெல் மெஷினில் வைத்தால் 47 எச்.ஆர்.சி.தான் காட்டுகிறது. எங்களை ஏமாற்றிவிட்டார்களா? (ஸ்ரீபெரும்புதூர் வாசகர்)

பதில்: இல்லை. ராக்வெல் சி அளவில் ஒரு புள்ளி என்பது 0.002 மி.மீ. ஆழம், 100-இலிருந்து 47-ஐக் கழித்துப் பெருக்கினால், வைர முனை 0.1 மி.மீ.க்கு மேல் இறங்கியிருப்பது தெரியும். உங்கள் நைட்ரைடு தோலே அவ்வளவுதான். 150 கிலோ சுமையில் முனை தோலைக் கிழித்துக்கொண்டு உட்புற எஃகை அளந்திருக்கிறது. அத்துடன் கேவிட்டியில் ஒரு வடுவும் விழுந்திருக்கும். தயவுசெய்து இனி இன்சர்ட்டின் மேல் நேராகச் சோதிக்காதீர்கள்.

அதே எச் 13-இல், அதே ஹார்டனிங் ஆன ஒரு சிறு துண்டை ஒவ்வொரு முறையும் இன்சர்ட்டோடு கட்டி அனுப்புங்கள். திரும்பியதும் அதைக் குறுக்கே வெட்டி, மைக்ரோ விக்கர்ஸில் மேலிருந்து உள்ளே படிப்படியாக அளக்கச் சொல்லுங்கள். உட்புறக் கடினம் 470 எச்.வி. என்றால், 520 வரும் இடம்வரை உள்ள தூரமே நைட்ரைடிங் ஆழம். உட்புறக் கடினமே முன்பைவிடக் குறைந்திருந்தால் உலை அதிகச் சூடாகியிருக்கிறது என்று பொருள். நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய இடம் அது.

கேள்வி: நைட்ரைடிங் ஆன கேவிட்டியில் ஒரு முனை உடைந்துவிட்டது. டிக் வெல்டிங் போட்டால் நுரைபோலக் கொப்பளிக்கிறது. (ராணிப்பேட்டை வாசகர்)

பதில்: கொப்பளிப்பது நைட்ரஜன். வெல்டிங் வெப்பத்தில் நைட்ரைடு சிதைந்து, உருகிய குட்டைக்குள் வாயுவாக வெளியேறுகிறது. வெல்டிங் செய்யும் இடத்தையும் அதைச் சுற்றிச் சில மில்லிமீட்டரையும், நைட்ரைடு தோலின் ஆழத்துக்கு மேலாகவே அரைத்து எடுத்துவிடுங்கள். நைட்டால் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் நைட்ரைடு மிச்சமிருக்கும் இடம் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும். பிறகு இன்சர்ட்டை 300 டிகிரிக்குக் குறையாமல் முன்சூடாக்கி, எச் 13 வகை ஃபில்லர் கம்பியில் வெல்டிங் செய்து, மெதுவாக ஆறவிட்டு டெம்பர் செய்ய வேண்டும். முன்சூடு இல்லாத அவசர வெல்டிங் அன்றைய டெலிவரியைக் காப்பாற்றும். அடுத்த வாரமே பக்கத்தில் பிளக்கும்.

கேள்வி: ஒரு அச்சுக்கு எத்தனை முறை நைட்ரைடிங் செய்யலாம்? (ஓசூரிலிருந்து மற்றொரு வாசகர்)

பதில்: எண்ணிக்கையை விட, ஏற்கனவே உள்ள தோல் எந்த நிலையில் இருக்கிறது என்பதே முக்கியம். உற்பத்தியின்போது ஒவ்வொரு ஷாட்டின் வெப்பமும் நைட்ரஜனை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேயிருக்கிறது. அதன் மேல் மறுபடி முழு சைக்கிள் போட்டால் ஆழம் கூடிக்கொண்டே போய், முதல் கடிதத்தில் பார்த்த 0.3 மி.மீ. நிலைக்கு வந்து சேரும். எனவே இரண்டாம் முறை எப்போதும் குறுகிய சைக்கிளாக இருக்கட்டும். அதற்கு முன் பூதக்கண்ணாடியில் கேட் பகுதியைப் பாருங்கள். ஹீட் செக் தொடங்கியிருந்தால் அதை முழுவதும் தேய்த்து எடுத்து, ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்த பின்புதான் நைட்ரைடிங். விரிசலின் மேலேயே செய்தால் விரிசலின் இரு சுவர்களும் நைட்ரைடாகிக் கூர்மையடையும்.

ஒட்டிய அலுமினியத்தை உளியால் தட்டாமல், காஸ்டிக் சோடா கரைசலில் ஊற வைத்து எடுங்கள். அது அலுமினியத்தைக் கரைக்கும், எஃகை விட்டுவிடும். கரையும்போது ஹைட்ரஜன் வாயு பொங்கும் என்பதால் திறந்த வெளியில், தீப்பொறி அருகில் இல்லாமல், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்ய வேண்டும். பிறகு தண்ணீரில் பலமுறை கழுவி, கூலிங் துளைகளில் காற்றடித்து, முழுவதும் உலர்ந்ததை உறுதிசெய்துகொண்டு உலைக்கு அனுப்புங்கள்.